கதிரொளியில் ஏறிய குரல்

அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்ற பெயரைக் கேட்டதும் தொலைபேசிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், பெல் தம் கண்டுபிடிப்புகளுள் தலைசிறந்ததாகக் கருதியது தொலைபேசியை அன்று. கம்பி எதுவும் இல்லாமல், ஓர் ஒளிக்கற்றையின்மேல் மனிதக் குரலை ஏற்றி, தொலைவில் அதை மீண்டும் இறக்கிக் கேட்கச் செய்த மற்றொரு கருவியையே அவர் தம் வாழ்நாளின் இறுதிவரை பெரிதாகப் போற்றினார். அக்கருவி சந்தையில் வெற்றி பெறவில்லை. அதைக் கேலி செய்து எழுதியவர்களும் உண்டு. ஆயினும், இன்று கடலடியிலும் தெருவோரத்திலும் வீட்டுச் சுவரிலும் செல்லும் கண்ணாடியிழை வடங்கள், பெல் அன்று செய்ய முயன்றதையே செய்துகொண்டிருக்கின்றன.

பெல் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் பேச்சுக்கலையில் பெயர்பெற்ற குடும்பம். தாத்தா, தந்தை இருவரும் தெளிவாகப் பேசும் கலையைக் கற்பித்தவர்கள். தந்தை மெல்வில் பெல், ஒவ்வோர் ஒலியையும் எழுப்பும்போது நாக்கும் உதடும் தொண்டையும் எந்நிலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும் குறியீடுகளை உருவாக்கினார். அக்குறியீடுகளைப் பார்த்து, கேட்டறியாத மொழியின் ஒலிகளையும் எழுப்பலாம்.

பெல்லின் தாயார் எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அப்படியிருந்தும் அவர் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். மற்றவர்கள் அவருடன் பேசும்போது, காதில் வைத்துக் கேட்கும் குழாயினுள் உரத்துப் பேசுவார்கள். சிறுவன் பெல் அவ்வாறு செய்யவில்லை. தாயாரின் நெற்றிக்கு மிக அருகில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசுவான். அந்த அதிர்வுகளை உணர்ந்து தாயார் மகனின் பேச்சைப் புரிந்துகொள்வார். குரல் என்பது ஓர் அதிர்வு; அது காதின் வழியாக மட்டுந்தான் போகவேண்டும் என்பதில்லை. இந்த உண்மையைப் பெல் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்பே வீட்டில் அறிந்துகொண்டார்.

இளமையில் அவரும் அண்ணன் மெல்வில்லும் சேர்ந்து பேசும் பொம்மைத் தலை ஒன்றைச் செய்தனர். அதற்கு ரப்பரால் ஆன உதடும் நாக்கும் இருந்தன. துருத்தியால் காற்றை ஊதினால், அது குழந்தை அம்மாவை அழைப்பதைப்போல ஒலி எழுப்பியது. விளையாட்டுப்போல் தெரிந்தாலும், குரல் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுவே.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தம்பி எட்வர்டு 1867ஆம் ஆண்டிலும் அண்ணன் மெல்வில் 1870ஆம் ஆண்டிலும் காசநோயால் இறந்தனர். எஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்றவேண்டும் என்ற கவலையில் பெற்றோர் கனடாவில் குடியேறினர். அடுத்த ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரானார். அங்கே அவரிடம் பயின்றவர்களுள் மேபல் ஹப்பர்டும் ஒருவர். ஐந்து வயதில் கண்ட கடுங்காய்ச்சலால் செவித்திறனை இழந்தவர் அவர். பின்னாளில் மேபலே பெல்லின் மனைவியானார்.

தொலைபேசியின் கதை பலரும் அறிந்ததே. பகலில் பாடம் நடத்திய பெல், இரவில் மின்சாரத்தைக்கொண்டு ஒலியை அனுப்பும் ஆய்வில் ஈடுபட்டார். கருவிகள் செய்வதில் வல்லவரான தாமஸ் வாட்சன் அவருக்குத் துணைநின்றார். 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் தொலைபேசிக்கான காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள்களில், அடுத்த அறையிலிருந்த வாட்சனைத் தம்மிடம் வருமாறு பெல் கருவியின் வழியே அழைத்தார். வாட்சனும் அதைக் கேட்டு ஓடிவந்தார். 1877ஆம் ஆண்டு பெல்லுக்கும் மேபலுக்கும் திருமணம் நடந்தது. தொலைபேசி நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளுள் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் பெல் மனைவிக்குப் பரிசளித்தார். உலகமே வியந்த அந்தக் கருவியில் வந்த குரலை அந்த மனைவியால் மட்டும் ஒருநாளும் கேட்க முடியவில்லை.

தொலைபேசி வெற்றி பெற்ற பிறகு, வேறொருவராக இருந்தால் அதை விற்பதிலேயே காலம் கழித்திருப்பார். பெல்லுக்கு வணிகத்தில் நாட்டமில்லை. அவர் மனம் செலினியம் என்னும் தனிமத்தின்மேல் சென்றது.

செலினியத்தின் வியப்பான பண்பு தற்செயலாகவே வெளிப்பட்டது. கடலடித் தந்தி வடங்களைச் சோதிக்கும் பணியில் இருந்த வில்லோபி சுமித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், மின்னோட்டத்தைத் தடுப்பதற்குச் செலினியக் கோல்களைப் பயன்படுத்தினார். சோதனையின்போது கிடைத்த அளவுகள் ஒருமுறை இருந்தபடி மறுமுறை இல்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கோல்களின்மேல் வெளிச்சம் படும்போது அவற்றின் மின்தடை குறைகிறது என்பதும், இருளில் கூடுகிறது என்பதும் தெரியவந்தன. 1873ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானது.

இதையறிந்த பெல்லின் சிந்தனை வேறு திசையில் ஓடியது. தொலைபேசியில் குரலுக்கு ஏற்ப மின்னோட்டம் கூடிக் குறைகிறது. செலினியமோ ஒளிக்கு ஏற்ப மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அப்படியானால், குரலுக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைக்க ஒரு வழி கண்டால் போதும். இரு இடங்களுக்கு நடுவே கம்பி தேவையில்லை. செலினியத்தின்மேல் நிழல் விழுவதைக்கூடக் காதால் கேட்கமுடியும் என்று 1878ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய உரையில் அவர் கூறினார்.

சொல்வது எளிது, செய்வது கடினமாக இருந்தது. அக்காலச் செலினியக் கருவிகளின் மின்தடை மிக அதிகம். அவ்வளவு தடையைத் தாண்டித் தொலைபேசியை இயக்கும் அளவுக்கு மின்னோட்டம் செல்லாது. பெல் வாஷிங்டன் நகரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். சார்லஸ் சம்னர் டெயின்டர் என்ற இளைஞரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். நுண்ணிய கருவிகள் செய்வதில் டெயின்டரின் கைத்திறன் பெரியது. இருவரும் பித்தளைத் தட்டுகளுக்கு இடையே செலினியத்தை மெல்லிய படலமாகப் பரப்பிப் பார்த்தனர்; சூடாக்கிப் பார்த்தனர்; ஆறவைத்துப் பார்த்தனர். பல சோதனைகளுக்குப் பிறகு, இருளில் 300 ஓம், வெளிச்சத்தில் 155 ஓம் என மின்தடை பாதியளவு மாறும் செலினியக் கலம் அவர்களுக்குக் கிடைத்தது.

1880ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், ஆய்வுக்கூடத்திற்குள்ளேயே, ஒளியின் வழியே வந்த குரல் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டது. அதற்கு நான்கு நாள்களுக்கு முன்புதான் பெல்லின் இரண்டாவது மகள் பிறந்திருந்தாள். இரட்டை மகிழ்ச்சியில் திளைத்த பெல், கருவிக்குச் சூட்டிய ஃபோட்டோஃபோன் என்ற பெயரையே குழந்தைக்கும் சூட்ட விரும்பினாராம். நல்லவேளை, மேபல் அதற்கு இணங்கவில்லை. குழந்தைக்கு மரியன் என்று பெயரிட்டனர். ஃபோட்டோஃபோன் என்பதைத் தமிழில் ஒளிபேசி எனலாம்.

ஒளிபேசி இயங்கிய முறையைச் சற்று விரிவாகக் காண்போம். அதில் இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். ஒன்று, குரலை ஒளியில் ஏற்றுவது. மற்றொன்று, ஏற்றிய குரலை இறக்குவது.

ஏற்றுவதற்குப் பெல் பயன்படுத்திய முக்கியப் பொருள், வளையக்கூடிய மெல்லிய கண்ணாடி. ஒரு பக்கம் வெள்ளி பூசப்பட்டு அது முகம் பார்க்கும் ஆடிபோல் பளபளக்கும். சூரிய ஒளியைத் திருப்பி, குவிவில்லையின் வழியாக அந்த ஆடியின்மேல் விழச்செய்தார். ஆடியின் பின்புறம் ஒரு பேசும் குழாய் இருந்தது. குழாயில் பேசினால், குரலின் அதிர்வால் ஆடி ஒரு கணம் முன்புறமாகப் புடைக்கும். மறுகணம் உட்புறமாகக் குழியும். ஆடி புடைக்கும்போது அதில் பட்டுத் திரும்பும் ஒளி விரிந்து பரவும். குழியும்போது ஒளி குவியும். ஆகவே, தொலைவில் உள்ள ஒருவரை எட்டும் ஒளியின் அளவு, பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப நொடிக்குப் பலநூறு முறை கூடிக் குறையும்.

இறக்கும் இடத்தில் பெரிய குழியாடி ஒன்று இருந்தது. வந்துசேரும் ஒளியைத் திரட்டி ஒரே புள்ளியில் குவிப்பது அதன் வேலை. அந்தப் புள்ளியில் செலினியக் கலத்தை வைத்து, அதை மின்கலத்தோடும் தொலைபேசியின் கேட்கும் பகுதியோடும் இணைத்தனர். ஒளி கூடினால் மின்னோட்டம் கூடும். ஒளி குறைந்தால் மின்னோட்டம் குறையும். அந்த மாற்றம் கேட்கும் கருவியில் மீண்டும் குரலாகப் பிறக்கும்.

அதே ஆண்டில் கருவியை வெட்டவெளியில் சோதிக்கும் நாள் வந்தது. வாஷிங்டனில் ஃபிராங்க்ளின் பள்ளி என்ற உயரமான செங்கற்கட்டடம் இருந்தது. டெயின்டர் ஒளி அனுப்பும் கருவியோடு அக்கட்டடத்தின் உச்சிக்குச் சென்றார். பெல் 213 மீட்டர் தொலைவில் இருந்த ஆய்வுக்கூடத்தின் சன்னலருகே குழியாடியை வைத்து, கேட்கும் கருவியைக் காதில் பொருத்திக்கொண்டார். இருவருக்கும் நடுவே தெருக்கள் இருந்தன; கட்டடங்கள் இருந்தன; கம்பி மட்டும் இல்லை. தாம் பேசுவது கேட்டால் சன்னலுக்கு வந்து தொப்பியை அசைக்குமாறு டெயின்டர் ஒளிக்கற்றையின் வழியே பெல்லைக் கேட்டுக்கொண்டார். மறுகணமே பெல் சன்னலில் நின்று தொப்பியை வீசி வீசி அசைத்தார். வானொலிவழி மனிதக் குரல் அனுப்பப்பட்டதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே, கம்பியில்லாமல் குரல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் சென்றுவிட்டது.

1880ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாஸ்டனில் கூடிய அறிவியலாளர் மாநாட்டில் பெல் தம் ஆய்வை விளக்கினார். அறிஞர்கள் வியந்தனர். நியூயார்க் டைம்ஸ் நாளிதழோ கிண்டல் செய்து எழுதியது. சூரியக் கதிர்களைச் சுருளாகச் சுற்றித் தோளில் சுமந்துசென்று, தந்திக் கம்பங்களில் கட்டித் தொங்கவிடப் போகிறாரா பேராசிரியர் என்று அது கேட்டது. கதிரின் பருமன் எவ்வளவு இருக்கவேண்டும், மழையும் வெயிலும் படாமல் அதற்கு உறை போடவேண்டுமா என்றெல்லாம் கேலி நீண்டது. அதை எழுதியவர் நகைச்சுவைக்காகவே எழுதினார். ஆனால், ஒளியைச் சுருளாகச் சுற்றித் தோளில் சுமந்துசெல்லும் பணியாளர்களை இன்று எந்த ஊரிலும் காணலாம். ஒளி செல்லும் அந்த இழைக்கு உறையும் உண்டு. கம்பங்களில் அது தொங்கவும் செய்கிறது.

கேலியைவிட இயற்கைதான் ஒளிபேசிக்குப் பெரிய எதிரியாக இருந்தது. மேகம் மறைத்தால் பேச்சு நின்றது. மூடுபனியிலும் மழையிலும் கருவி பயன்படவில்லை. குறுக்கே ஒரு சுவர் எழுந்தாலும் போதும், உரையாடல் அறுந்துவிடும். பெல் ஏற்றவும் இறக்கவும் வழி கண்டார். ஒளி பாதுகாப்பாகப் பயணம் செய்வதற்கு ஒரு பாதை அவரிடம் இல்லை.

அந்தப் பாதைக்கான விதை அப்போதே முளைத்திருந்தது என்பதுதான் வியப்பு. 1841ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் டேனியல் கொலாடன் என்ற அறிவியலாளர், வளைந்து விழும் நீர்த்தாரையின் உள்ளே ஒளியைச் செலுத்தி, அது நீரோடு சேர்ந்து வளைந்து செல்வதைக் காட்டினார். நீருக்குள் செல்லும் ஒளி, நீரின் ஓரத்தைச் சாய்வாகத் தொடும்போது வெளியேறாமல் மீண்டும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. இது முழு அக எதிரொளிப்பு எனப்படும். கண்ணாடிக்குள்ளும் இது நடக்கும். ஆனால், அன்றைய கண்ணாடி போதுமான அளவு தூய்மையாக இல்லை. ஒளி சிறிது தொலைவு செல்வதற்குள் மங்கிவிடும். ஆகவே, நீர்த்தாரையும் ஒளிபேசியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

பெல் ஒளிபேசிக்குக் காப்புரிமை பெற்றார். தொலைபேசிக்காகப் பிரெஞ்சு அரசு அளித்த 50,000 பிராங்க் பரிசுத்தொகையையும் புதிய ஆய்வுகளுக்கே செலவிட்டார். 1881ஆம் ஆண்டு அவருக்குத் துயரமான ஆண்டு. சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய, உலோகத்தை உணரும் கருவி ஒன்றை விரைந்து செய்தார், ஆயினும், குண்டு அகப்படவில்லை, அதிபர் இறந்தார். அதே கோடையில் பெல்லுக்குப் பிறந்த ஆண் குழந்தை மூச்சுவிட முடியாமல் மாண்டது. அந்தத் துயரத்தோடு அவர் செயற்கையாக மூச்சுவிட உதவும் கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

காது கேளாதோருக்குக் கற்பிப்பதே தம் தொழில் என்று பெல் எப்போதும் சொல்லிக்கொண்டார். 1886ஆம் ஆண்டு, கண்ணும் காதும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஹெலன் கெல்லரை அவள் தந்தை பெல்லிடம் அழைத்துவந்தார். அவர் காட்டிய வழியில்தான் அச்சிறுமிக்கு நல்லாசிரியர் ஒருவர் கிடைத்தார். பின்னாளில் ஹெலன் தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார். எனினும், இத்துறையில் பெல்லின் கொள்கைகள் எல்லாம் நன்மை செய்தன என்று கூறமுடியாது. காது கேளாத பிள்ளைகள் சைகை மொழியைக் கைவிட்டு, உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அதனால் பல பள்ளிகளில் சைகை மொழி ஒதுக்கப்பட்டது. காது கேளாதோர் பலர் இதற்காக இன்றும் அவரைக் குறைகூறுகின்றனர். அவர்களின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

வாழ்வின் பிற்பகுதியில் பெல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஏரிக்கரையோரம் வீடு கட்டிக்கொண்டு, பறக்கும் ஊர்திகளிலும் விரைவுப் படகுகளிலும் ஈடுபாடு காட்டினார். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது வட அமெரிக்கா முழுவதும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாயின. ஒளிபேசியை அன்று நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

அவர் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1960ஆம் ஆண்டு, லேசர் ஒளி பிறந்தது. சூரியனை நம்பியிராத, சிதறாத ஒளி அது. அப்போதும் கண்ணாடிதான் தடையாக நின்றது. அக்கால இழைகளில் 20 மீட்டர் செல்வதற்குள் நூற்றில் ஒரு பங்கு ஒளியே எஞ்சியது. 1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவ் என்ற அறிவியலாளர், குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள மாசில்தான் இருக்கிறது என்று விளக்கினார். 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவான தூய இழையில், ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சியது. இன்றைய இழைகளில் அதே அளவு எஞ்சுவதற்கு 100 கிலோமீட்டர் கடந்தாக வேண்டும்.

பாதை கிடைத்துவிட்டது. ஏற்றுவதும் இறக்குவதும் பெல் காட்டிய முறையை ஒத்தே இன்றும் நடக்கின்றன. அதிரும் ஆடியின் இடத்தில் நொடிக்குப் பல நூறு கோடி முறை கூடிக் குறையும் லேசர் இருக்கிறது. செலினியத்தின் இடத்தில், ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிறிய ஒளி உணரி இருக்கிறது. ஒளி ஏறவேண்டிய வாயில்தான் மிகச் சிறுத்துவிட்டது. நெடுந்தொலைவு இழையில் ஒளி செல்லும் உட்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். லேசர் சற்று விலகினாலும், இழையின் முனையில் ஒரு தூசு படிந்தாலும், ஒளி உள்ளே நுழையாமல் வீணாகும். இதனால்தான் பணியாளர்கள் இழையை இணைப்பதற்கு முன் அதன் முனையை அவ்வளவு கவனமாகத் துடைக்கிறார்கள்.

இழையை அறுக்காமலும் ஒளியை வெளியே எடுக்கலாம். இழையை ஓர் அளவுக்குமேல் வளைத்தால், கொலாடன் கண்ட எதிரொளிப்பு அந்த இடத்தில் குலைந்துபோகும். ஒளியில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் கசியும். பழுதுபார்ப்போர் இழையைக் கவ்விச் சற்றே வளைக்கும் கருவியைக் கொண்டு, அந்தக் கசிவை அறிந்து, இழை உயிரோட்டத்துடன் இருக்கிறதா என்று கண்டுகொள்கின்றனர். களவாகச் செய்தியை ஒட்டுக்கேட்க நினைப்பவர்களுக்கும் இதே வழி தெரியும். ஆகவே, முக்கியமான வடங்களில் ஒளி சிறிதளவு குறைந்தாலும் கண்காணிப்போர் உடனே காரணத்தைத் தேடுகின்றனர்.

வாஷிங்டனில் ஃபிராங்க்ளின் பள்ளிக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2020ஆம் ஆண்டு முதல் அது மொழிக்கான அருங்காட்சியகமாக விளங்குகிறது. உலகின் முதல் கம்பியில்லாத் தொலைபேசிச் செய்தி இக்கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒளிக்கற்றையில் அனுப்பப்பட்டது என்பதைக் கூறும் பலகை ஒன்று அதற்காகச் செய்யப்பட்டது. பெல்லின் நூறாவது பிறந்தநாளான 1947ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அப்பலகை அங்கே பதிக்கப்பட்டது. லேசர் பிறக்க அப்போது இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.